பத்திரிகைக்கு ஒன்றை அழுத்தவும்

சொல்லுங்கக்கா, விசேஷ வீட்டிலிருந்து பத்திரிகை வந்து சேர்ந்தால் போதாதா, பத்திரிகையோடு ஆளும் சேர்ந்து வரணுமா?

இல்லை, யோசிக்காமல் சொல்லுங்க. யோசிக்கிற ஆட்கள் எல்லாரும் கடைசியில் எங்க அத்தை, அதான் மாமியார், கட்சிக்குப் போய்விடுகிறார்கள். பத்திரிகையில் தேதி இருக்கிறது, நேரம் இருக்கிறது, கோவில் இருக்கிறது, சாப்பாடு எங்கே என்று இருக்கிறது. அதைக் கொண்டு வருகிற ஆளிடம் அதற்கு மேல் என்ன இருக்கப் போகிறது? வேர்வை இருக்கும். ஒரு டம்ளர் காபியைக் குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்று போகிற வழியில் பேசுகிற வாய் இருக்கும்.

உங்க பையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்கட்டுமா? தட்டு நசுங்கிவிடும். ஆமாம், வெற்றிலை பாக்குத் தட்டுதான். மேலே துண்டு போட்டு மூடியிருக்கிறேன், கண்டக்டர் அதற்கும் ஒரு சீட்டைக் கிழித்துவிடுவார் என்று. ஏய் மகிழ், பெரியம்மா சேலையை இழுக்காதே. பிடித்தால் விட மாட்டாள், அப்பா வீட்டுப் பிடிவாதம்.

இவளுக்குத்தான் காதுகுத்து. வருகிற வியாழக்கிழமை, எங்க வீட்டுக்காரர் வகையறா அய்யனார் கோவிலில் மொட்டை போட்டுக் காது குத்துகிறோம். மடியில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டியது தாய்மாமன், எங்க அண்ணன். அவன் வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு இருக்கிறான். தாய்மாமன் மடி இல்லாமல் ஆசாரி ஊசியைக் கையில் எடுக்க மாட்டார். எங்களுக்கு அம்மா அப்பா இல்லை. பிறந்த வீடு என்றால் அண்ணன் ஒருத்தன்தான். அவனும் வரவில்லை என்றால், அத்தை பக்கத்து ஜனம் பந்தல் நிறைய உட்கார்ந்துகொண்டு, கேட்பாரில்லாதவள் என்று என்னை ஆயுசுக்கும் சொல்லிக்காட்டும். அதற்காகத்தான் இந்த வெயிலில் பூலாங்குளத்துக்குப் பஸ் ஏறியிருக்கிறேன். இல்லையென்றால் இதெல்லாம் வீட்டில் உட்கார்ந்தபடி முடிகிற வேலை. முடித்தும் வைத்திருந்தேன்.

எப்படி என்று சொல்கிறேன், கேளுங்க.

சிவகாசியில் டைரி, காலண்டர் அடிக்கிற அச்சகம் ஒன்றில் எனக்கு வேலை. டிசைன் பண்ணுவேன், ஆர்டர் பார்ப்பேன். சீசன் வந்தால் எல்லா ஊரிலிருந்தும் ஆட்கள் மாதிரி அனுப்புங்க, மாதிரி அனுப்புங்க என்று உயிரை எடுப்பார்கள். எங்க முதலாளி என்ன செய்வார் தெரியுமா? ஒவ்வொருத்தரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, நல்லா இருக்கீங்களா, பேரன் நடக்கிறானா, உங்க பக்கம் மழை உண்டா என்று விசாரித்து முடித்த பிறகுதான் மாதிரியை அனுப்புவார். அவன் ஊரில் மழை பெய்தால் இவர் காலண்டர் நனைந்துவிடுமா? சொல்லுங்க.

நான் பிளஸ் டூ வரைக்கும் எங்க ஊர்ப் பள்ளிக்கூடம்தான். அங்கே இருந்த ஒரு கம்ப்யூட்டருக்கும் துணி போட்டுப் பூட்டி வைத்திருப்பார்கள். மற்றதெல்லாம் நானாகக் கற்றுக்கொண்டது. யூடியூபில் வீடியோ பார்த்து, அவன் பேசுகிறது பாதி புரிந்தும் புரியாமலும் நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டு, வாட்ஸ்அப்பில் தானாகப் பதில் சொல்கிற பாட் ஒன்றை எழுதினேன். ஆள் இல்லாத கடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்க. அந்த நம்பருக்கு நீங்க என்ன அனுப்பினாலும் வணக்கம் சொல்லும். ஒன்றை அழுத்தினால் டைரி, இரண்டை அழுத்தினால் தினசரி காலண்டர், மூன்றை அழுத்தினால் மாதக் காலண்டர். பிடிஎஃப் கோப்பாக வந்து விழும். போட்டோவாக அனுப்பினால் எழுத்து மங்கிப் போகும், கோப்பாகப் போனால் எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்து எழுத்தாக நிற்கும். அதில் அவ்வளவு விஷயம் இருக்கிறது.

முதலாளியிடம் ஓட்டிக் காட்டினேன். ஒன்றை அழுத்தினார், டைரி வந்தது. போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மழை உண்டானு இது கேட்காதாம்மா?" என்றார். இந்த மாதிரி ஆட்களை வைத்துக்கொண்டுதான் நான் பிழைப்பை ஓட்டுகிறேன்.

அப்படி இருக்கிற நான், பெற்ற பிள்ளைக்குக் காதுகுத்து என்றால் வீடு வீடாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு அலைவேனா? எங்க வீட்டுக்காரர் அதே அச்சகத்தில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறார். ரத்தினவேல். அவருக்கு வாய் என்பது சாப்பிடுவதற்கு மட்டும்தான். அந்த மனுசனே அன்றைக்கு வாயைத் திறந்து, முறைக்காரர்களுக்காவது நேரில் போய் வைப்போம் என்றார். ஞாயிற்றுக்கிழமை தோறும் பைக்கில் பிள்ளையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போகணுமாம். ஒரு வீட்டில் கலர் சோடா உடைப்பார்கள், அடுத்த வீட்டில் காபி, அதற்கடுத்த வீட்டில் பிள்ளை ஏன் இளைத்துப்போச்சு என்ற விசாரணை. யாருக்கு நேரம் இருக்கிறது? நீங்க கட்டிங் மிஷினைப் பாருங்க, இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

புதிதாக ஒரு சிம் வாங்கினேன். பாட்டை அந்த நம்பரில் ஏற்றினேன். ஒன்றை அழுத்தினால் பத்திரிகை. இரண்டை அழுத்தினால் கோவிலுக்கு வழி. மூன்றை அழுத்தினால் பஸ் நேரம். அது மட்டும் இல்லை. யாராவது எழுத்தில் கேட்டு வைத்தால்? அதற்கும் ஏற்பாடு உண்டு. கேள்வியில் பத்திரிகை என்ற வார்த்தை இருந்தால் பத்திரிகையை அனுப்பும். என்னைக்கு, எப்போ என்று இருந்தால் தேதியைச் சொல்லும். அதற்கும் அடங்காத உளறலாக இருந்தால், மன்னிக்கவும், புரியவில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, ஒன்றை அழுத்தவும் என்று வழி காட்டும். எந்த மனுசன் இவ்வளவு பொறுமையாகப் பதில் சொல்வான்? எங்க அத்தை சொல்வாரா?

பெயர் சொல்லி வணக்கம் வைக்கிற மாதிரியும் போட்டிருந்தேன். என் போனில் இருக்கிற பெயர்களை அப்படியே அதில் ஏற்றிவிட்டேன். ஏற்றும் முன்னால் ஒரு தடவை கண் ஓட்டியிருக்கலாம், அது வேறு விஷயம். நாம் போனில் என்ன ஆர அமர உட்கார்ந்தா பெயர் எழுதுகிறோம்? அவரவர் வேலையை வைத்துத்தானே போட்டு வைக்கிறோம். கேஸ் சிலிண்டர் அவர்களே வணக்கம் என்று ஒருத்தருக்குப் போயிற்று. பால் புது நம்பர் அவர்களே என்று ஒருத்தருக்கு. எங்க மாமனாரின் தம்பி எடுத்தால் வைக்காமல் பேசுகிற ஆள், அவர் பெயரை நான் சின்ன மாமனார் எடுக்காதே என்று வைத்திருந்தேன். அவருக்கு, சின்ன மாமனார் எடுக்காதே அவர்களே, குடும்பத்துடன் வருகை தரவும் என்று போயிருக்கிறது.

அவர் கோபித்துக்கொண்டார். கோபித்தால் என்ன, அதன் பிறகு அவர் போன் வருவதே இல்லை, அதுவும் லாபம்தான்.

எங்க அண்ணன் பெயர் காளிராஜ். பூலாங்குளத்துக்கு ரோடு பிரிகிற விலக்கில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். எந்தக் கிணற்று மோட்டார் புகைந்தாலும் அவனிடம்தான் வரும். அவன் பெயரை நான் காளி மோட்டார் என்று வைத்திருந்தேன். ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? வீட்டில் தண்ணி மோட்டார் கெட்டுப்போனால் தேடுவதற்கு வசதி. காளி மோட்டார் அவர்களே வணக்கம் என்று போனது. அதிலே என்ன குறைந்துவிட்டது? அவன் பெயரும் இருக்கிறது, தொழிலும் இருக்கிறது.

அனுப்பிவிட்டு, என் போனில் ஒரு பக்கத்தைத் திறந்தால் யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் பார்த்தார், யார் பத்திரிகையைத் திறந்தார் என்று எல்லாம் தெரியும். தட்டு தூக்கிக்கொண்டு போகிறவளுக்கு இது தெரியுமா? எல்லாரையும் விட அதிகமாகப் பத்திரிகையைத் திறந்தவன் எங்க அண்ணன்தான். திரும்பத் திரும்பத் திறந்திருந்தான். வீட்டுக்காரரிடம் அதைக் காட்டி, நேரில் போயிருந்தால் ஒரு தடவையோடு மூடி வைத்திருப்பான், பாருங்க எவ்வளவு ஆசை என்றேன். அவர் பார்த்துவிட்டு, "போனில பேசினியா?" என்றார். பேசுவதற்கு என்ன இருக்கிறது? அவன் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டான்தான். கூப்பிடுகிற நேரத்தைப் பாருங்க, பிள்ளை கண் அசருகிற நேரம். கட் பண்ணிவிட்டு, எல்லாம் அந்த நம்பரிலேயே இருக்கிறது, அதில் கேள் என்று போட்டேன்.

தங்கச்சி என்றால் அவனுக்கு எப்போதும் அப்படித்தான், ஒன்றுக்கு நாலு தடவை விசாரிப்பான். அம்மா போன பிறகு என்னை அவன்தான் வளர்த்தான். நான் கம்ப்யூட்டர் படிக்கணும் என்று சொன்னதற்கு, மதுரையில் யாரிடமோ கழித்துப்போட்ட பெட்டி ஒன்றை வாங்கி, பஸ்ஸில் உட்கார இடம் இல்லாமல் நின்றுகொண்டே தூக்கி வந்தான். வந்து பார்த்தால் ஓடவில்லை. மோட்டாரைப் பிரிக்கிற மாதிரி அதைப் பிரித்துப் பரப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான், கிறுக்கன். எப்படியோ ஓடிற்று. ஓடினதும், இனி நீயே பார்த்துக்கோ, எனக்கு ஒன்றும் தெரியாது என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும்.

இதற்கு நடுவில் எங்க அத்தை ஒரு வேலை செய்தார். எனக்குத் தெரியாமல் சின்ன மகன் பைக்கில் ஏறி, தன் வகையறாவுக்கெல்லாம் தட்டு வைத்துவிட்டு வந்துவிட்டார். முட்டி வலி முட்டி வலி என்று எனக்கு ஒரு குடம் தண்ணி எடுத்து வைக்காத அம்மா, ஊர் ஊராகப் படி ஏறியிருக்கிறார். என் பாட்டை நம்பவில்லையாம். உங்க பக்கத்து ஆட்களுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் நீங்க அலைய வேண்டியிருக்கிறது என்றேன். "எங்க ஆளுக வந்துருவாக. நீ உங்கண்ணனைப் பாரு" என்றார். என்ன திமிர் பாருங்க.

அப்புறம்தான் மதினி போன் பண்ணினாள். வேலுத்தாய், அண்ணன் பொண்டாட்டி. அவள் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள். ஆனால் பேச ஆரம்பித்தால் வக்கீல் தோற்றுப்போவான்.

"ஏ செல்வி, உங்கண்ணன் கூப்பிட்டா எடுக்க மாட்டே. நான் கூப்பிட்டதாலதான் எடுத்திருக்கே. என்ன பதில் அனுப்புற நீ? ஒரு வாரமா அவுக போனைக் கையில வச்சுக்கிட்டு ஒன்னை அழுத்து, ரெண்டை அழுத்துனு உக்காந்திருக்காக. சாப்பிட வரலை."

அது நான் இல்லை மதினி, மிஷின் என்றேன்.

"அப்ப நீ எங்க?"

பார்த்தீங்களா கேள்வியை? நான் எங்கே இருப்பேன், வீட்டில்தான் இருக்கிறேன். வீட்டில் இருந்தபடி எல்லாம் நடக்கணும் என்றுதானே அதைச் செய்தது.

"வேற யாருக்கு வேணும்னாலும் நீ மிஷினை விடு. தாய்மாமனுக்கு வந்து வைக்கணுமா இல்லையா? பத்திரிகையில அவுக பேரே இல்லை. கூடப் பிறந்தவளுக்குக் கூப்பிட வாய் இல்லைனா, அவுக வந்து எந்த முகத்தோட உக்காருவாக? வர மாட்டாக. சொல்லிப்புட்டேன்."

பெயர் இல்லைதான். ஒரு பக்கத்துக்குள் அடங்கணும் அக்கா. பிள்ளை படத்தைப் பெரிதாகப் போட்டேன், கோவில் கோபுரம் போட்டேன், இடம் இல்லை. தாய்மாமன் யார் என்று ஊருக்கே தெரியும், அதை ஏன் எழுதணும்? டிசைன் தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

போனை வைத்த பிறகு, அப்படி என்னதான் கேட்டிருக்கிறான் என்று பாட்டின் உள்ளே போய்ப் பார்த்தேன். அதுவரைக்கும் நான் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. பார்ப்பதற்காகவா அதை வைத்திருக்கிறது? இருங்க, காட்டுகிறேன், சிரிப்பீங்க. இந்த வெயிலில் திரை சரியாகத் தெரிய மாட்டேன் என்கிறது. நானே படிக்கிறேன்.

முதலில் பாருங்க. "செல்வி பத்திரிகை பார்த்தேன் எழுத்து அழகா இருக்கு." அதில் பத்திரிகை என்ற வார்த்தை இருக்கிறதா? பாட் உடனே மறுபடியும் பத்திரிகையை அனுப்பியிருக்கிறது. அது சரியாகத்தான் செய்திருக்கிறது. அப்புறம் ஒரு போட்டோ. அவன் உள்ளங்கைதான், கிரீஸ் போகாத கை. நடுவில் பொட்டுப் பொட்டாக, இன்னும் கல் பதிக்காத இரண்டு தோடு. "கல்லு சிவப்பா பச்சையா, எது பிள்ளைக்கு எடுப்பா இருக்கும். ஆசாரி நாளைக்குக் கேட்பார்." பாட் என்ன சொல்லும்? மன்னிக்கவும், புரியவில்லை, பத்திரிகைக்கு ஒன்றை அழுத்தவும் என்று சொல்லியிருக்கிறது. இவன் ஒன்றை அழுத்தியிருக்கிறான்! பத்திரிகை போயிருக்கிறது. அப்புறம் இரண்டை அழுத்தியிருக்கிறான். மூன்றை அழுத்தியிருக்கிறான். பிறந்ததிலிருந்து போய் வருகிற பாதைக்குப் பஸ் நேரம் வாங்கியிருக்கிறான். கடைசியில், "சரி சிவப்பே சொல்லிட்டேன்" என்று போட்டிருக்கிறான். மன்னிக்கவும், புரியவில்லை.

மிஷினிடம் போய்க் கல் சிவப்பா பச்சையா என்று கேட்டால் அது என்ன சொல்லும்? நீங்க சிரிக்கலையே.

இன்னும் இருக்கிறது, கேளுங்க. "நீயும் மாப்பிள்ளையும் என்னைக்கு வாரீக. மதினி கோழி அடிக்கணும்னு சொல்றா." என்னைக்கு என்று வந்துவிட்டதா, பாட் தேதியைச் சொல்லிவிட்டது. வியாழக்கிழமை, காலை ஒன்பது மணிக்குள். அதற்கு அவன், "அன்னைக்குத்தானே விசேஷம்" என்று எழுதியிருக்கிறான். அதற்கும் மன்னிக்கவும். அப்புறம் குரலில் ஏதோ பேசி அனுப்பியிருக்கிறான். எழுத்தில் மட்டும் அனுப்பவும் என்று பாட் சொல்லியிருக்கிறது. குரலை நான் கேட்கவில்லை. மோட்டார் சத்தத்தில் என்ன கேட்கப் போகிறது? கடைசியாக, "பத்திரிகை வேண்டாம். நீ வா." அவ்வளவுதான். இதிலும் பத்திரிகை என்ற வார்த்தை இருக்கிறது. வேண்டாம் என்றவனுக்கே மறுபடியும் போயிருக்கிறது. அதற்கப்புறம் ஒன்றும் எழுதவில்லை.

தங்கச்சி எழுதுகிற தமிழுக்கும் மிஷின் எழுதுகிற தமிழுக்கும் ஒருத்தனுக்கு வித்தியாசம் தெரிய வேண்டாமா அக்கா? நான் எப்போதாவது அவனுக்கு, வருகை தரவும், புரியவில்லை என்றெல்லாம் எழுதியிருக்கிறேனா? அதில் கேள் என்று போட்டதைத் தவிர, இவள் பிறந்ததிலிருந்து நான் அவனுக்கு எதுவும் எழுதியதே இல்லை. அப்புறம் எப்படி என்னை மாதிரி இருக்கிறது என்று நினைத்தான்?

ஆனாலும் நான் சும்மா இருக்கவில்லை. அண்ணன் பெயர் இல்லை என்று மதினி சொன்னாள், அவ்வளவுதானே? சரி பண்ணினேன். கிளம்பிப் போயிருந்தால் ஒரு மணி நேரம்தான், எனக்கும் தெரியும். போனால் மதினி முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நிற்கணும். அவளுக்கு அந்தச் சந்தோஷத்தை ஏன் கொடுக்கணும்? பத்திரிகையில் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கி, தாய்மாமன் திரு. இன்னார் அவர்கள் மடியில் வைத்து என்று ஒரு வரியை அழகாகச் சேர்த்தேன். இன்னார் என்கிற இடத்தில் பெயர் தானாக வந்து உட்காருகிற மாதிரி எழுதினேன், வணக்கத்துக்கு வருகிறதே அதே மாதிரி. அண்ணன் நம்பராக இருந்தால் மட்டும் இந்த வரி வரணும் என்று ஒரு நிபந்தனை வைக்கணும். வைத்தேன். வைத்த இடம் ஒரு வரி கீழே போய்விட்டது. பெரிய பெரிய கம்பெனியில் எல்லாம் இது நடக்கும். திருத்தியதும், புதிய பத்திரிகை தயார் என்று எல்லாருக்கும் ஒரு செய்தியும் போட்டுவிட்டேன்.

பார்க்கணுமே. சும்மா இருக்கிற ஜனம்தானே, அழுத்து அழுத்து என்று அழுத்தியிருக்கிறது. அழுத்தின அத்தனை பேருக்கும் அவரவர் பெயரே வந்திருக்கிறது. தாய்மாமன் திரு. கேஸ் சிலிண்டர் அவர்கள் மடியில் வைத்து. தாய்மாமன் திரு. சின்ன மாமனார் எடுக்காதே அவர்கள் மடியில் வைத்து.

மறுநாள் காலையில் பால்காரர் பாலை ஊற்றிவிட்டுப் போகாமல் நின்றார். என்ன என்றேன். "பாப்பாவை என் மடியில வைக்கிறதா போட்டிருக்கு தாயி. எனக்குச் சந்தோஷம்தான். சேலை துணி எடுக்கணும்னா எடுத்திருறேன். ஆனா உங்க அண்ணனுக்கு என்ன ஆச்சு?" என்று துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். செத்துப்போனான் என்றே முடிவு பண்ணிவிட்டார். நன்றாக இருக்கிறான் என்று சொல்லி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அவர் பரவாயில்லை, வந்து கேட்டார். பூலாங்குளத்தில் சோடா கம்பெனி பாண்டி என்று ஒருத்தன், பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன். அவனுக்கும் அந்த வரி போயிருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு, எங்கேயாவது போகட்டுமே, நேராக அண்ணன் கடைக்கே போயிருக்கிறான். தாய்மாமன் சீருக்கு என்னென்ன வாங்கணும் அண்ணே, எனக்கு வழக்கம் தெரியாது என்று அவனிடமே கேட்டிருக்கிறான். அறிவு இருக்கிறவன் செய்கிற வேலையா இது? பாண்டியே போன் பண்ணிச் சொன்னான். அண்ணன் போனை வாங்கிப் படித்தானாம். படித்துவிட்டு, பாவாடை சட்டை, மாலை, தோடு எல்லாம் வாங்கணும், நல்லா செய்டா என்று சொல்லிவிட்டு, காயில் சுற்ற உட்கார்ந்துவிட்டானாம். பாண்டி கிளம்புகிற வரைக்கும் தலை நிமிரவில்லையாம்.

அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து அண்ணனுக்குப் பாட் அனுப்புகிற எதுவும் போய்ச் சேரவில்லை. நம்பரையே தடுத்து வைத்துவிட்டான். மோட்டார் கடைக்காரனுக்கு அது மட்டும் தெரிந்திருக்கிறது.

நான் நேராகக் கூப்பிட்டேன். என் சொந்த நம்பரில் இருந்துதான். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். மதினி எடுத்தாள். அவள் அன்றைக்கு வக்கீல் மாதிரிப் பேசவில்லை, சத்தமும் போடவில்லை. அதுதான் எனக்கு என்னமோ போல் இருந்தது.

"செஞ்ச தோட்டை ஆசாரிகிட்டயே திருப்பிக் குடுக்கச் சொல்லிட்டாக. நான் குடுக்கலை. அரிசி டப்பாவுக்குள்ள வச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால ஒன்னும் ஆகாது."

வைத்துவிட்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன், சரிக்குச் சரியாகப் போயிருக்கும். இவர்களுக்குச் சண்டை கூட முறையாகப் போடத் தெரியாது.

வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? இவ்வளவையும் கேட்டுவிட்டு எங்க வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். நாளைக்கு லீவு போடுங்க, இரண்டு பேருமாகப் போய் அண்ணனுக்கு வைத்துவிட்டு வந்துவிடலாம் என்றேன். நான் இறங்கி வந்து கேட்கிறேன், பாருங்க. அதற்கு அவர், "முன்னாடி நான் சொன்னப்போ வந்தியா? உன் மிஷினைக் கூட்டிக்கிட்டுப் போ" என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். இதற்குத்தான் இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தார் போல.

அத்தையிடம் கேட்டால் முட்டி வலி. தன் பக்கத்துக்குப் போகும்போது எங்கே போயிருந்தது அந்த முட்டி? ஆனால் காலையில் எழுந்து பார்த்தால் தட்டு தயாராக இருந்தது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பழம், அண்ணனுக்கு வேட்டி துண்டு, மதினிக்குச் சேலை. அத்தைதான் அடுக்கி வைத்திருக்கிறார். சேலை அவர் பெட்டியில் இருந்த சேலை. எனக்கு என்று ஒரு நாளும் வெளியே எடுக்காத சேலை அக்கா அது. "கூப்பிடப் போறவ ஒத்தையாப் போய் நிக்கக் கூடாது. யாரையாவது கூட்டிட்டுப் போ" என்று மட்டும் சொன்னார். இதெல்லாம் யார் எழுதி வைத்த சட்டம்?

சட்டம் கிடக்கட்டும். நடைமுறையைப் பாருங்க. இவள் தோளை விட்டு இறங்க மாட்டாள். தட்டை ஒரு கையில் நீட்டினால் மரியாதை இல்லை, இரண்டு கையாலும் பிடிக்கணும். இவளைக் கீழே விட்டால் நேராக அங்கே அறுந்து கிடக்கிற கம்பியில் போய்க் கை வைப்பாள். கூட ஒரு ஆள் வேண்டும். போனைத் திறந்து பெயர்களை மேலும் கீழுமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அத்தனை பெயர் இருக்கிறது. ஆனால் யாரைக் கூப்பிட முடியும், சொல்லுங்க. ஒருத்தர் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறார், ஒருத்தர் விழுந்து விழுந்து சிரிக்கிறார், மீதிப் பேருக்கு அண்ணன் கடை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. சனியன்கள். நல்லது கெட்டதுக்கு ஒன்றும் உதவாது.

மகிழ், தூங்கிவிடாதே, இறங்கணும். பாருங்க, அந்தப் புளியமரம் தாண்டினால் பூலாங்குளம் விலக்குதான். இறங்கினதும் எதிரே தெரிகிற தகரக் கொட்டகைதான் கடை. நிற்கிறானே, அது அவன் இல்லை, வேலைக்கு நிற்கிற ஆள். அண்ணன் உள்ளே உட்கார்ந்திருப்பான். அவன் நிமிர்ந்து பார்த்தான் என்றால் பாதி வேலை முடிந்தது. நிமிரவில்லை என்றால் என்ன செய்கிறது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

நீங்களும் இந்த விலக்கில்தானே இறங்கணும்? கண்டக்டரிடம் நீங்க ஊர் சொல்லிச் சீட்டு வாங்கும்போது காதில் விழுந்தது. முன்னால் ஜன்னல் சீட்டு காலியாக இருந்தும் உங்க பக்கத்தில் வந்து உட்கார்ந்தேனே, எதற்கு என்று நினைத்தீங்க? உங்களைப் பார்த்தால் ஒரு வீட்டுக்கு மூத்தவங்க மாதிரி இருக்கிறது. ஐந்து நிமிஷ வேலைதான். அவன் உங்களைக் கடிக்க மாட்டான், வெளியாள் முன்னால் எப்பவும் மரியாதையாகத்தான் இருப்பான். நான் போய் வாயைத் திறந்தால் ஒன்று கிடக்க ஒன்று வந்துவிடும். மோட்டார், கிரீஸ், மதினி என்று எதையாவது பேசிவிடுவேன். இல்லையென்றால் ஒன்றுமே வராமல் நின்றுவிடுவேன், அது அதைவிட மோசம். நான் இவளைத் தூக்கிக்கொண்டு உங்க பின்னாலேயே வருகிறேன்.

தட்டை இப்படி இரண்டு கையாலும் பிடித்துக்கோங்க. அவன் முன்னால் போய் நின்று, அண்ணே, உங்க தங்கச்சி கூப்பிட வந்திருக்கா என்று நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கக்கா.